பிள்ளை உள்ளமும் நம் பள்ளிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கல்விச் சங்கம் ஒன்று 25 ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காண்பது எளிய செயலன்று. கூலி உழைப்பில் மிஞ்சிய காசைச் சேர்த்துச் சந்தா கட்டிய பெரியோர்களும், பகல் வேலை முடித்த களைப்போடு மாலை வகுப்பில் அமர்ந்து கற்பித்த இளைஞர்களும் இல்லையேல் இவ்விழா இல்லை. இத்தகைய மலர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பில் தேறினர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்ற கணக்கு இடம்பெறுவது வழக்கம். அக்கணக்கு வேண்டியதே. அதனைக் கண்டு பெருமை கொள்ளுதலும் முறையே.

ஆயின், கணக்கில் ஏறாத ஒன்று உண்டு. அது பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உள்ளம். வகுப்பில் அஞ்சி ஒடுங்கி அமர்ந்த பிள்ளை எப்பொழுது நிமிர்ந்து கேள்வி கேட்டது? ஏச்சைக் கேட்டு வீடு திரும்பிய பிள்ளை மறுநாளும் பள்ளிக்குச் செல்லும் துணிவை எங்கிருந்து பெற்றது? துயரத்தால் முறிந்துவிடாமல் மீண்டெழும் ஆற்றலை மனத்திண்மை என்கிறோம். அத்திண்மை பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது என்றும், அடிபட அடிபட வளர்வது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் மக்களின் கல்வி வரலாறு இவ்விரண்டையும் மறுக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணி அடிக்கும்வரை வெளியே நின்ற சிறுவன்

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் இதழ் தொடங்கி, 1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடிய பெருமகன் அவர். தம் வாழ்க்கைச் சுருக்கத்தை 1939இல் நூலாக வெளியிட்டார். அதில் தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது சில வரிகளே எனினும், படிப்போர் நெஞ்சை விட்டு அகலாதவை.

கோயமுத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதி, குடும்பம், இருப்பிடம் ஆகியன தெரிந்துவிட்டால் தம்மை எவ்வாறு நடத்துவரோ என்று அவர் அஞ்சினார். ஆதலால் பிற மாணவர்களோடு பழகவில்லை. பள்ளிக்கு வெளியே ஓரிடத்தில் இருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைந்தார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மைப் பின்தொடராதபடி விரைந்து வீடு சேர்ந்தார். விளையாட ஆவல் இருந்தும் விளையாடவில்லை.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. அச்சிறுவனை எவரும் அடித்ததாக அவர் எழுதவில்லை. எனினும், ஒரு பிள்ளைக்கு உரிய தோழமையும் விளையாட்டும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. அடியின் தழும்பை மருத்துவர் காண்பார். அச்சத்தின் தழும்பை யார் காண்பார்?

கோணிப்பையும் தண்ணீர்க் குழாயும்

அண்ணல் அம்பேத்கர் எழுதிவைத்த தன்வரலாற்றுக் குறிப்புகளை நம் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். சாத்தாராவில் பயின்ற காலத்தில், வகுப்பின் ஓர் ஓரத்தில் தனியே கோணிப்பையில் அமர்ந்தார் அவர். பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளும் அக்கோணியைத் தொடமாட்டார். மாலையில் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட வேண்டும். சேவகர் வரவில்லை என்றால் அன்று தண்ணீர் இல்லை.

1901இல், ஏறத்தாழ ஒன்பது வயதில், கோரேகானில் பணியாற்றிய தந்தையைக் காண அண்ணனோடும் அக்காள் மகனோடும் புறப்பட்டார். மசூர் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கிய பின், அவர்களுடைய சாதியை அறிந்த வண்டிக்காரர் எவரும் ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. இருமடங்கு கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டிச்செல்ல நேர்ந்தது. கையில் உணவு இருந்தும், வழியில் அருந்தத் தண்ணீர் கிடைக்கவில்லை. புத்தாடை உடுத்து மகிழ்ச்சியோடு கிளம்பிய பிள்ளைகள் பசியோடு இரவைக் கழித்தனர். அந்நிகழ்ச்சி தம் வாழ்வில் அழியாத தடம் பதித்தது என்று அண்ணலே குறித்துள்ளார்.

இவ்வரலாற்றைக் கூறும் நம் மேடைப் பேச்சாளர் சிலர், “அந்த அவமானங்களே அவரை உயர்த்தின” என்று முடிப்பர். கேட்கச் சுவையாக இருப்பினும் அது உண்மையன்று. அதே அவமானம் அதே காலத்தில் பல்லாயிரம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து துரத்தியது. அவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்தனர்? அவமானம் உயர்த்துவதாயின் நம் மக்கள் அனைவரும் என்றோ உயர்ந்திருப்பர்.

அண்ணலைத் தாங்கியவர்கள் மனிதர்கள். இளமையிலேயே தாயை இழந்த அவரை அத்தை மீராபாய் அன்போடு வளர்த்தார். படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தந்தை ராம்ஜி விடியுமுன் மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார். மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களிடம் கடன் பெற்றும் அவர்தம் நகையை அடகு வைத்தும் வாங்கிக் கொடுத்தார். 1907இல் அவர் மெட்ரிகுலேசன் தேறியபோது, கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். மேற்படிப்புக்குப் பரோடா மன்னரின் உதவி கிட்டவும் துணை நின்றார். ஆக, ஒரு பக்கம் ஊரே தள்ளியபோது மறுபக்கம் சிலர் பிடித்துக்கொண்டனர். அப்பிடியே அவருடைய திண்மைக்கு வேராயிற்று.

பேச இடம் பெற்ற சிறுமி

அண்ணலுக்கு அரை நூற்றாண்டு முன்னரே புனே நகரில் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சோதிராவ் புலே, சாவித்திரிபாய் இணையர், பின்னர் மகர், மாங் முதலிய தீண்டப்படாதார் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினர். பாடம் சொல்லச் சென்ற சாவித்திரிபாய் மீது சேறும் சாணமும் வீசப்பட்டதை நாம் அறிவோம்.

அவர்கள் பள்ளியில் பயின்ற மாங் குலச் சிறுமி முக்தா சால்வே. 1855இல் மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. தம் மக்கள் படும் இழிவுக்குக் காரணம் என்ன என்று அவர் அதில் வினவினார். சமயத்தையும் ஆட்சியையும் கேள்விக்கு உட்படுத்தினார். சில ஆண்டுகளே பள்ளி சென்ற சிறுமி அவர்.

மனத்தில் குமுறும் துயரைச் சொல்லாக்கும் வாய்ப்புப் பெற்ற பிள்ளை அத்துயருக்கு அடிமையாவதில்லை. “நம்மிடம்தான் குறை இருக்கிறது போலும்” என்று எண்ணித் தலைகுனியும் பிள்ளை, “இது நமக்கு இழைக்கப்பட்ட அநீதி” என்று உணரும் கணத்தில் நிமிர்கிறது. முக்தாவுக்கு எழுத்தறிவித்தோர், அந்த உணர்வையும் சேர்த்தே அளித்தனர்.

சென்னைச் சேரிப் பள்ளிகள்

தமிழகத்தில் நம் மக்களின் குரலை அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கரான கர்னல் ஆல்காட் 1894இல் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர்க்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது.

அப்பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்ற பால்மர் அம்மையாரும், அவரோடு பணிபுரிந்த கோர்ட்ரைட் அம்மையாரும் மேனாட்டுக் குழந்தைப் பள்ளி முறையை இங்குப் புகுத்தினர். பிரம்பும் மனப்பாடமுமே கல்வி என்றிருந்த நாளில், சேரிப் பிள்ளைகள் பாட்டாலும் விளையாட்டாலும் கைவேலையாலும் கற்றனர். இம்முறையை விளக்கிக் கோர்ட்ரைட் அம்மையார் நூலும் எழுதினார். பசியோடு அமர்ந்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதையும் அப்பள்ளிகளின் அனுபவம் உணர்த்திற்று.

அக்குறிப்பின் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அதே பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார், 1909இல் எழுதிய கட்டுரையில், சேரிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கலாகாது என்றும், தூய்மையிலும் பழக்கத்திலும் அவர்கள் முதலில் திருந்தவேண்டும் என்றும் வாதிட்டார். அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். இரக்கம் வேறு, மதிப்பு வேறு. இரங்கிச் சோறிடுபவரும் சமமாக உட்கார இடம் தராதிருக்கலாம். பிள்ளைகள் இவ்வேறுபாட்டை விரைவில் உணர்ந்துகொள்வர். இரக்கத்தால் பிள்ளையின் வயிறு நிறையலாம்; முதுகு நிமிர வேண்டுமாயின் மதிப்பு வேண்டும்.

பெயரும் பாட்டும் சோறும்

மதிப்பு என்பது முதற்கண் பெயரில் தொடங்குகிறது. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்கள் எழுதியவர் எம். சி. ராஜா. சட்டமன்றத்தில் நம் மக்களின் சார்பில் அமர்ந்த அவர், இழிவுப் பொருளில் வழங்கிய பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என வழங்குமாறு தீர்மானம் கொணர்ந்தார். அரசு அதனை ஏற்று 1922 மார்ச்சில் ஆணை பிறப்பித்தது. பெயர் மாறினால் வாழ்வு மாறிவிடுமா என்று அன்று சிலர் எள்ளினர். பள்ளிப் பதிவேட்டை ஆசிரியர் உரக்கப் படிக்கும்போது தன் பெயரோடு ஓர் இழிசொல்லும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்ட பிள்ளையிடம் அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதே எம். சி. ராஜா, ஆர். இரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து குழந்தைகளுக்கான பாடல் நூல் ஒன்றையும் வெளியிட்டார் என்பது நம் இளைஞர் பலர் அறியாத செய்தி. சட்டமன்றத்தில் வாதாடியவர் மழலையர் கைகொட்டிப் பாடவும் வழி தேடினார். பிள்ளை மகிழ்வதும் ஓர் உரிமை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

சோற்றின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை முதல் நாள் எம். ஜி. ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

இவ்வுணவால் உடல் வளர்ந்ததைப் பலரும் எழுதியுள்ளனர். உள்ளம் வளர்ந்ததையும் எழுத வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பது நம் ஊர்களில் அதற்கு முன் பெரும்பாலும் காணாத காட்சி. வரிசையைப் பிரிக்கவும், நம் பெண்கள் சமைத்தால் உண்ண மறுக்கவும் முயன்றவர்கள் உண்டு. பந்தியில் பிரித்து உட்கார வைக்கப்பட்ட பிள்ளை சோற்றோடு தாழ்வையும் விழுங்குகிறது. ஆதலால் எவ்வளவு சோறு என்பதைப் போலவே எவரோடு சோறு என்பதும் கல்வியே ஆகும்.

விடுதி என்னும் இரண்டாம் வீடு

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கழகம் நிறுவிப் பள்ளி தொடங்கினார். நந்தனார் நுழைய இயலாமல் நின்றதாகக் கதை சொல்லும் அதே ஊரில், அவர் பெயரால் பிள்ளைகள் நுழையும் வாசல் ஒன்றைத் திறந்தார். பள்ளியோடு தங்கும் விடுதியும் சேர்ந்தது. அண்ணல் அம்பேத்கரும் 1924இல் பம்பாயில் தொடங்கிய சபையின் வழியே முதலில் செய்த பணிகளுள் ஒன்று, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி நிறுவியதாகும். சென்னை மாகாணத்தில் 1920இல் தொழிலாளர் ஆணையர் பொறுப்பில் தொடங்கிய பள்ளிகளும் விடுதிகளுமே பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் வளர்ந்தன.

நம் முன்னோர் ஏன் விடுதிக்கு இத்துணை முதன்மை அளித்தனர்? தொலைவும் வறுமையும் காரணங்களே. அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. சிவகிரி போன்ற பழைய ஜமீன் பகுதிகளில், நிலத்தை நம்பி வாழ்ந்த நம் பாட்டன்மார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிலக்காரர் முன் நின்றனர். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்த பின்னரும் அப்பழக்கம் உடனே மறையவில்லை. வயதில் முதிர்ந்த தந்தையை ஒரு சிறுவன் ஒருமையில் விளிப்பதையும், தந்தை அதற்குப் பணிந்து விடை சொல்வதையும் அருகில் நின்று பார்க்கும் மகன் அன்று ஒரு பாடம் கற்றான். அப்பாடத்தை அழித்தெழுத இன்னோர் இடம் வேண்டும். தன்னைப் போன்ற பிள்ளைகள் பலரைக் காணவும், உயர்ந்த படிப்புப் படித்த அண்ணன்மாரை அருகில் பார்க்கவும், அஞ்சாமல் உரக்கப் பேசவும் இடம் வேண்டும். விடுதியே அவ்விடம். கூரை ஒழுகும் விடுதியையும் கழிப்பறை இல்லாத விடுதியையும் நாம் எதிர்த்துப் போராடுவது இக்காரணத்தாலேயே. வீட்டுக்கு ஈடாக வரவேண்டிய இடம் அது.

அறிவியல் கூறுவது

நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்ததை இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளரும் கண்டனர். அமெரிக்கக் கறுப்பின உளவியலாளரான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் எளிய சோதனை செய்தனர். நிறம் தவிர மற்றனைத்தும் ஒத்த பொம்மைகளைக் கறுப்பினச் சிறார் முன் வைத்து, எது நல்லது, எது அழகு என்று வினவினர். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தனர். பிரித்துவைத்தல் பிள்ளையைத் தன்னைத்தானே வெறுக்கச் செய்கிறது என்பது வெளிப்பட்டது. 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறவாரியான பள்ளிப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தபோது இவ்வகை ஆய்வுகளையும் கருத்திற் கொண்டது.

மற்றோர் ஆய்வு அவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் நடந்தது. 1955இல் அங்குப் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல் முதலிய பல இடர்களில் சிக்கிய பிள்ளைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திறமும் அன்பும் உடைய இளைஞராக வளர்ந்தனர். அவர்களிடம் காணப்பட்ட பொதுமைகளுள் முதன்மையானது, தம்மை நம்பி ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவரேனும் உடன் இருந்தமையாகும். அவர் பெற்றோராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பாட்டியாக, அண்டை வீட்டாராக, ஆசிரியராக இருக்கலாம்.

“ஒடித்து வளர்க்காத முருங்கையும் அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படா” என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். ஒடித்த முருங்கை துளிர்ப்பது மண்ணில் வேர் இருப்பதனால்தான். வேர் அறுந்த முருங்கையை எத்தனை முறை ஒடித்தாலும் அது விறகாகுமே அன்றித் துளிர்க்காது. பிள்ளையின் வேர் அன்பிலும் மதிப்பிலும் இருக்கிறது.

நம் கண்முன் நிகழ்ந்தவை

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலாது. காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கிய அதே 2022 செப்டம்பர் திங்களில், நம் தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்தில், கடைக்குத் தின்பண்டம் வாங்கச் சென்ற நம் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு காரணமாகத் தரமாட்டோம் என்று கடைக்காரர் கூறித் திருப்பி அனுப்பிய காட்சி நாடெங்கும் பரவியது. வழக்குப் பதிவாயிற்று, கைது நடந்தது, கடை பூட்டப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் ஊருக்குள் நுழையத் தடையும் விதிக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது நன்று. ஆனால் கையில் காசை வைத்துக்கொண்டு நின்ற அப்பிள்ளைகளின் உள்ளத்தில் பதிந்ததை எந்த ஆணை அழிக்கும்? அதனை ஆற்றும் பொறுப்பு நம்முடையது.

2023 ஆகஸ்டு 9ஆம் நாள், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் உடன் பயின்ற மாணவர்கள். தொடர்ந்த துன்புறுத்தலால் பள்ளி செல்வதையே நிறுத்தியிருந்த அம்மாணவர், கேட்டபோது உண்மையை ஆசிரியரிடம் கூறியதே அதற்குக் காரணமாயிற்று. மருத்துவமனையிலிருந்து மீண்ட அவர் 2024இல் பொதுத்தேர்வு எழுதித் தேறினார். அவ்வெற்றியை நாம் போற்றுகிறோம். எனினும் எந்தப் பிள்ளையிடமும் அத்தகைய திண்மையை எதிர்பார்க்கும் உரிமை நமக்கில்லை. பிள்ளையின் மனவலிமையைப் புகழ்வது அநீதியைப் பொறுத்துக்கொள்வதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

அந்நிகழ்ச்சியை அடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் நீங்க வேண்டும், சாதி அடையாளக் கயிறுகளை மாணவர் அணியலாகாது, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இடம்பெறலாகாது, மாணவர் குறை கேட்கப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. நூறாண்டுக்கு முன் எம். சி. ராஜா பெயரைப் பற்றிக் கொண்ட கவலையே வேறு வடிவில் இங்கும் ஒலிப்பதைக் காணலாம்.

தண்ணீர் குடிக்காத சிறுமி

யான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூற விழைகிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. எழுத்து முத்துப்போல் இருக்கும். நண்பகலுக்குப் பின் சோர்ந்துவிடுவாள். பல நாள் கழித்தே ஒன்றைக் கவனித்தேன். அவள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. எவரேனும் தடுத்தனரா என்று விசாரித்தேன். எவரும் தடுக்கவில்லை. “பானையத் தொட்டா ஏசுவாக சார், வீட்ல வந்து குடின்னு ஆச்சி சொல்லிச்சு” என்றாள்.

அந்த ஆச்சி கொடியவர் அல்லர். தம் இளமையில் ஏச்சு வாங்கியவர்; பேத்தியை அதிலிருந்து காக்க எண்ணினார். ஊர் விதித்த தடை நீங்கிய பின்னும் வீடு விதித்த தடை நீடித்தது. மறுநாள் முதல் பானையிலிருந்து முதல் குவளை நீரை அவளைக்கொண்டே எடுக்கச் செய்து யான் பருகினேன். நான்காம் நாள் அவள் தானே எடுத்துப் பருகினாள். சாத்தாராப் பள்ளியின் குழாயடியில் நின்ற சிறுவனை அன்று நினைந்தேன். குழாயைத் திறப்பது போதாது. “குடி, இது உன்னுடையதும்தான்” என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நம் கடமைகள் சிலவற்றைத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, பிள்ளை சொல்வதைக் கேட்டல். பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் முன், இன்று யாரோடு அமர்ந்தாய், யாரோடு விளையாடினாய் என்று கேட்போம். காரணமின்றிப் பள்ளி செல்ல மறுத்தல், உணவு ஒதுக்கல், திடீரென முரண்டு பிடித்தல், உறக்கத்தில் அலறல் ஆகியவை சோம்பலோ திமிரோ ஆகா. அவை சொல்லப்படாத துயரின் அறிகுறிகளாக இருக்கலாம். “பொறுத்துக்கொள்” என்ற ஒரே விடையை இனி நாம் சொல்லலாகாது. நடந்தது தவறு, தவறு உன்னுடையதன்று, நாங்கள் உன்னுடன் வருகிறோம் என்று சொல்வோம். சொல்லியபடி பள்ளிக்குச் செல்வோம். தனியாகச் செல்லாமல், சங்கத்தின் சார்பில் இருவராய்ச் செல்வோம்.

இரண்டாவது, கை ஓங்காமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளிக்கு அச்சட்டத்தைக் காட்டும் நாம், நம் வீட்டிலும் மாலை வகுப்பிலும் அதனையே கடைப்பிடிக்க வேண்டாமா? வெளியே ஏச்சு வாங்கும் பிள்ளைக்கு உள்ளேயும் அடி என்றால் அது எங்கே போகும்?

மூன்றாவது, நம்மை நாமே திருத்திக்கொள்ளல். வண்ணக் கயிறு கட்டும் வழக்கம் நம் பிள்ளைகளிடமும் புகுந்துள்ளது. அஞ்சிய பிள்ளை கயிற்றில் துணிவைத் தேடுகிறது. கயிறு எதிரியைத் தேடித் தருமே அன்றித் துணிவைத் தராது. அவ்வாறே, நம்முள் ஒரு பிரிவார் மற்றொரு பிரிவாரைத் தாழ்வாகக் கருதும் மடமையும் முற்றிலும் நீங்கவில்லை. நம் வகுப்பில் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை பின்வரிசையில் ஒதுங்குமாயின், நாம் அண்ணலின் படத்தை மாட்டியிருப்பதில் பொருளில்லை.

நான்காவது, மகிழ்ச்சிக்கு இடமளித்தல். இரட்டைமலையார் விளையாட முடியாமல் விரைந்து வீடு திரும்பினார். நம் மாலை வகுப்பில் பாடத்துக்கு முன் அரைமணி நேரம் விளையாட்டும் பாட்டும் இருக்கட்டும். அது வீண்பொழுதன்று. கூடி விளையாடும் பிள்ளை தோற்கவும் விட்டுக்கொடுக்கவும் மீண்டும் ஆடவும் கற்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் அதே விளையாட்டிடம் உரியது.

ஐந்தாவது, உதவி நாடத் தயங்காமை. துன்பத்தில் உள்ள பிள்ளைக்காக 1098 என்னும் எண்ணிலும், பள்ளி தொடர்பான மனக்குழப்பங்களுக்கு 14417 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். மனநல மருத்துவரிடம் செல்வதை இழிவாக எண்ணும் வழக்கத்தை விட்டொழிப்போம். காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் வெட்கம் இல்லையே.

முடிவுரை

மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே நின்ற ஒரு சிறுவன், பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். அவரைப் போன்றே வெளியே நின்று, மணி அடித்தும் உள்ளே செல்லாமல் திரும்பிய பிள்ளைகளின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. வரலாறு வென்றவரை எழுதும். திரும்பிச் சென்றவர்களை நினைந்து பணியாற்றுவது நம் சங்கம் போன்ற அமைப்புகளின் கடன்.

அடுத்த 25 ஆண்டுகளில் நம் தெருக்களிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் ஆட்சியரும் வரவேண்டும், வருவர். அத்தோடு, பள்ளி வாசலில் தயங்கி நிற்கும் எந்தப் பிள்ளைக்கும், கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவரேனும் நம்முள் இருந்தார் என்று பொன்விழா மலர் எழுதுமாயின், அதுவே இந்த வெள்ளிவிழாவின் பயனாகும்.

வாழ்க பிள்ளைகள்! வளர்க நம் கல்விப் பணி!